டெல்மரின் பாதி

அரை ஜாடி மருந்துக்கு ஆர்லிஸ் தொள்ளாயிரம் டாலர் சொன்னாள்.

மருந்து என்றால் இருமலுக்குக் குடிக்கிற சமாச்சாரம் இல்லை. துப்பாக்கித் தோட்டாவுக்குள் போடுகிற மருந்து. சீல் உடைக்காத முழு ஜாடியே கடையில் நானூறைத் தாண்டாது. இது பாதி ஜாடி. அதுவும் திறந்த ஜாடி. அதுவும் செத்துப்போனவன் ஜாடி. ஒவ்வொரு 'அதுவும்' வரும்போதும் விலை ஒரு படி இறங்கியிருக்க வேண்டும். ஆர்லிஸின் கணக்கில் ஒவ்வொரு படியாக ஏறியிருந்தது.

வெர்லின் அறுபத்தெட்டு வயதுக்காரன். மொன்டானாவின் நடுவில் இருக்கிற வெல்டன் என்ற ஊரின் கோதுமைக் கிடங்கை ஓய்வு பெறும்வரை நடத்தியவன். லாரி எடைமேடையில் ஏறும்போதே ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்த்து, அடியில் எத்தனை மூட்டை ஈரக் கோதுமையைப் புதைத்திருக்கிறான் என்று சொல்லிவிடுவான். எந்த விலையைக் கேட்டாலும் முகம் மாறாமல் இருப்பதுதான் அவன் தொழிலில் பாதி. ஆனாலும் அன்றைக்கு ஆர்லிஸின் இறந்துபோன கணவன் டெல்மரின் கார் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தபோது அவன் கன்னத்தில் ஒரு தசை தன்னிஷ்டத்துக்கு ஆடியது.

"ஆர்லிஸ், இது மருந்தா, குங்குமப்பூவா?"

"வேணும்னா எடு. வேணாம்னா வை."

"நூறு தரேன்."

"தொள்ளாயிரம்."

"நூத்தம்பது. நான் உன் புருஷனோட சிநேகிதன், ஞாபகம் இருக்கா?"

"அதனாலதான் தொள்ளாயிரம். வேற யாராவதா இருந்தா ஷெட்டுக் கதவையே திறந்திருக்க மாட்டேன்."

இருநூற்றைம்பது வரைக்கும் ஏறிப் பார்த்தான். அவள் ஒரு டாலர்கூட இறங்கவில்லை. கோபமும் இல்லை, பேரம் பேசுகிறவர்களுக்கு வருகிற அந்தக் கள்ளச் சிரிப்பும் இல்லை. பனிக்காலத்துச் சட்டையின் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்லினுக்கு அதுதான் புரியவில்லை. ஆர்லிஸ் அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள். விற்கத் தெரியாத பெண். தேவாலயத்துச் சந்தையில் தான் சுட்ட கேக்கை இரண்டு டாலருக்கு விற்று, அதைச் சுட்ட தகரத் தட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறவள். டெல்மரின் துளைப்பான், ரம்பம், பனி தள்ளுகிற இயந்திரம் எல்லாவற்றையும் போன மாதம் கேட்ட விலைக்கு அள்ளிக் கொடுத்தாள். இந்த ஒரு ஜாடிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தக் கறார்?

ஜாடியின் மதிப்பு அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. தெரிய நியாயமில்லை. அது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். மருந்து செய்கிறவர்கள் ஒரே பெயரில், ஒரே நிற ஜாடியில்தான் வருஷா வருஷம் விற்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை கிண்டி எடுக்கும்போதும் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்துவிடும். சுவருக்கு அடித்த பெயின்ட் தீர்ந்துபோய், அதே எண்ணைச் சொல்லி இன்னொரு டப்பா வாங்கி அடித்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியுமே, அந்த மாதிரி. அதனால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு லாட் எண் போடுகிறார்கள். மான் சுடுகிறவன் அதைப் பார்ப்பதில்லை. மானுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஆயிரம் கஜத்துக்கு அப்பால் நிற்கிற காகிதத்துக்குத் தெரியும். அந்தக் காகிதத்தில் விழுகிற ஐந்து ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால் மூடிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்கு லாட் எண் என்பது பெண்டாட்டி பிறந்தநாளைவிட முக்கியம். வெர்லினின் மனைவி வெயில் தேடி அரிசோனாவுக்குப் போய்ப் பதினைந்து வருஷமாகத் திரும்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெர்லினும் டெல்மரும் ஒரே இரும்புக் கம்பியிலிருந்து கடைந்த இரண்டு துப்பாக்கிக் குழல்களை வாங்கியிருந்தார்கள். குழலுக்கும் ருசி உண்டு. எந்தக் குண்டு, எந்தப் பித்தளைக் கூடு, மருந்துக்குப் பொறி வைக்கிற எந்தக் கேப்பு, எந்த மருந்து என்று அதற்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கும்வரை அது வாயைத் திறக்காது. இரண்டு கோடைக்காலம் செலவழித்துக் கண்டுபிடித்தார்கள். இரண்டு குழலுக்கும் பிடித்தது ஒரே லாட். கிரேட் ஃபால்ஸ் நகரத்தில் மூடப்போகிற ஒரு கடையில் அந்த லாட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் வழித்து வாங்கி வந்து, கோதுமைக் கிடங்கின் சோதனைத் தராசில் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு மணி மிஞ்சியது. மருந்து என்பது தூள் இல்லை, பென்சில் முனையை வெட்டிப் போட்டதுபோல் பொடிப்பொடி மணிகள். டெல்மர் பேனாக்கத்தியை எடுத்து அந்த மணியை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு போட்டான்.

"நாளைக்கு வழக்குப் போடாதே" என்றான்.

வெர்லினின் பாதி போன அக்டோபரில் தீர்ந்துபோயிற்று. சனிக்கிழமைகளில் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால் அதிகமாகச் சுட்டுவிட்டான். மே மாதம் போட்டிகள் ஆரம்பிக்கின்றன. இந்த ஜாடி கிடைத்தால் இன்னும் மூன்று வருஷம் ஓடும். கிடைக்காவிட்டால் புது லாட், முதலிலிருந்து, இரண்டு கோடைக்காலம். பக்கத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து "இடது பக்கம் ஒரு அங்குலம்" என்று சொல்ல ஆளில்லாமல். அந்த வயதில், அந்த வேலையைத் தனியாகத் தொடங்க அவனால் முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. டப்பாவில் உறைந்திருந்த இறைச்சிக் கலவையை மைக்ரோவேவில் சூடாக்கித் தின்றுவிட்டு, நிலவறைக்கு இறங்கி விளக்கைப் போட்டான். மேஜை, தராசு, குண்டைக் கூட்டுக்குள் நெம்பி அழுத்துகிற பிரஸ், கேக் சுடுகிற குழித்தட்டில் எடைவாரியாகப் பிரித்துவைத்த பித்தளைக் கூடுகள். எல்லாம் தயார். மருந்து மட்டும் இல்லை. சாம்பார் வைக்கக் காயும் பருப்பும் எடுத்து வைத்துவிட்டு, உப்பில்லை என்று உட்கார்ந்திருக்கிற மாதிரி.

குளிர் தொடங்கிவிட்டால் வியாழக்கிழமைகளில் இருவரும் டெல்மரின் ஷெட்டில்தான் தோட்டா தயாரிப்பார்கள். முதுகுக்கு முதுகு காட்டி இரண்டு மேஜைகள். மருந்து நிறுக்கும்போது யாரும் பேசக் கூடாது. அது அந்தத் தொழிலின் முதல் விதி. பேச்சுவாக்கில் ஒரு கூட்டில் இரண்டு தடவை மருந்து விழுந்துவிட்டால், அடுத்து பேச வாய் இருக்காது. இரண்டாவது விதி, மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஜாடிதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குப்பியில் மிஞ்சியதை எடுத்த ஜாடியிலேயே திருப்பிக் கொட்டிவிட வேண்டும். ஆர்லிஸ் காபியோடு கதவுக்கு வெளியே நின்று, பிரஸ்ஸின் கைப்பிடி மேலே போகிற சத்தம் கேட்ட பிறகுதான் தட்டுவாள். இப்படி எத்தனையோ குளிர்காலங்கள். முதுகுக்குப் பின்னால் டெல்மர் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அவன் தராசு நிலைக்கு வந்துவிட்டதா என்று வெர்லினால் சொல்ல முடியும். இதைவிட நெருக்கமான சிநேகம் உலகத்தில் இருக்க முடியாது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

மறுநாள் காலை காபிக் கடையில் ராய்ஸ் பிடித்துக்கொண்டான். ராய்ஸ் காருக்குக் கண்ணாடி மாட்டுகிறவன். துப்பாக்கி கிளப்பில் குறிப்பலகைகளை இறக்கி ஓட்டைகளை அளக்கிற வேலையும் அவனுடையதுதான். ஊரில் எந்தச் செய்தியும் அவன் காதைக் கேட்காமல் தூங்கப் போகாது.

"என்ன பெருசு, ஆர்லிஸ்கிட்ட ஜாடி கேட்டியாமே? தொள்ளாயிரமாமே? அந்த விலைக்கு அவ மூணு வேளை சமைச்சும் போடணுமே!"

"வாயைக் கழுவிட்டு வா."

"சரி, கழுவிட்டேன். நெசமாத்தான் கேக்குறேன். அடுத்தவன் திறந்த ஜாடியை எடுத்து எவனாவது சுடுவானா? நீதானே கிளப்புல புதுசா சேர்ற பசங்களுக்கு இதைக் கத்திக் கத்திச் சொல்றே? அடுத்தவன் பல்லு விளக்கின பிரஷ்ஷை எடுத்தாலும் எடு, அடுத்தவன் ஜாடியைத் தொடாதேன்னு."

"அது அடுத்தவன் ஜாடி. இது டெல்மரோட ஜாடி."

ராய்ஸ் காபியைக் கிண்டினான். சர்க்கரை போடாத காபி. கிண்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"செப்டம்பர் போட்டியில டெல்மரோட அட்டையை நான்தான் இறக்கினேன்" என்றான் மெதுவாக. "அஞ்சு ஓட்டையும் மேலயும் கீழயுமா எட்டி எட்டி, ஏணிப் படி மாதிரி. கேட்டா காத்துன்னான்."

"காத்துதான் அன்னிக்கு."

"காத்து குண்டைப் பக்கவாட்டுல தள்ளும். ஏணியில ஏத்தி இறக்காது. அது மருந்து, வெர்லின். உனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சுது இல்ல, அப்பவே அவன்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ பக்கத்து பெஞ்சுலதானே உக்காந்திருந்தே? நீ சொன்னியா?"

வெர்லின் காபிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தான். ஒருவனுடைய மோசமான அட்டையைப் பற்றி இன்னொருவன் பேசுவதில்லை. அதுவும் அங்கே ஒரு மரியாதை. அன்றைக்கு அவன் அந்த அட்டையைப் பார்த்தான், கண்ணைத் திருப்பிக்கொண்டான், தன் துப்பாக்கியைத் துடைத்தான்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபின் தனக்குத்தானே பேரம் பேசினான். குழல் தேய்ந்திருக்கும். கேப்பு மாறியிருக்கும். வயதாகிவிட்டது, தோள் ஆடியிருக்கும். டெல்மர் மருந்தில் தப்பு செய்கிற ஆள் இல்லை. ஒரு மணியை இரண்டாக வெட்டியவன். வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவன் சொல்லிக்கொள்கிற காரணங்கள் எல்லாமே மலிவாகத்தான் கிடைக்கும். நேராக வங்கிக்குப் போய்த் தொள்ளாயிரத்தை எடுத்தான்.

ஆர்லிஸ் ஷெட்டில் பழைய பெயின்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெர்லின் மேஜையில் நோட்டுகளை விசிறியாக விரித்து வைத்தான்.

"எண்ணிக்கோ."

அவள் எண்ணவில்லை. நோட்டுகளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். விற்றவளின் முகமாக அது இல்லை, வகையாகச் சிக்கிக்கொண்டவளின் முகம்.

"ஆயிரத்து எண்ணூறு" என்றாள்.

"என்னது?"

"விலை ஏறிடுச்சு."

"ஒரே ராத்திரியிலயா? கோதுமைச் சந்தையே இப்படி ஏறி நான் பார்த்ததில்லையே!" வெர்லின் சிரித்தான், பிறகு சிரிப்பதை நிறுத்தினான். "ஆர்லிஸ், பணத்தைப் பார்த்தப்புறம் விலையை ஏத்துறவ விக்கிறவ இல்ல. விக்க மனசில்லன்னு நேரா சொல்லிடு."

"மனசில்ல."

"அப்ப எதுக்கு விலை சொன்னே?"

"இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பே. விலையைச் சொன்னா திட்டிட்டுப் போயிடுவேன்னு நெனச்சேன். நீ உங்க அம்மா சாவுக்கே மலிவான பூ தேடினவனாச்சே!"

அது உண்மைதான், அதனால் வெர்லின் கோபப்படவில்லை. ஜாடியை இழுத்து மூடியில் கை வைத்தான். ஆர்லிஸ் அவன் கைமேல் கை வைத்து அழுத்தினாள். பனியில் நின்ற கைபோலச் சில்லென்றிருந்தது.

"உனக்கு அது வேணாம், வெர்லின்."

"என்ன இருக்கு இதுல?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை எனாமல் தட்டை எடுத்துத் துடைத்து அவன் முன்னால் வைத்தாள். வெர்லின் ஒரு கைப்பிடி மருந்தைத் தட்டில் கொட்டி, விளக்கை இழுத்துப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தான்.

லாரி அடியில் ஈரக் கோதுமையைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இதெல்லாம் ஒரு நொடி வேலை. நீளமாக, சாம்பல் ஓடிய மணிகள். அது அவர்களுடைய லாட். அவற்றுக்கு நடுவே கொஞ்சம் குட்டையாக, கறுப்பாக வேறு மணிகள். பத்துக்கு மூன்று இருக்கும். விரலால் தள்ளினான். தட்டின் எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டும் கலந்தே வந்தன.

மேஜையில் இரண்டு ஜாடிகள் இருந்திருக்கின்றன. குப்பியில் மிஞ்சியதை டெல்மர் தப்பான ஜாடியில் கொட்டியிருக்கிறான். ஒரு தடவை இல்லை, பல தடவை. இரண்டும் மெதுவாக எரிகிற மருந்தாக இருந்ததால் துப்பாக்கி வெடிக்காமல் தப்பித்தது. ஏணி மட்டும்தான் விழுந்தது.

"எப்பலேருந்து?" என்று கேட்டான் வெர்லின்.

"போன கோடையிலேருந்து. முதல்ல சாவி வச்ச இடம் மறந்துச்சு, அப்புறம் தெருப் பேரு. உன் கண்ணுல படக் கூடாதுன்னு வியாழக்கிழமை காலையிலேயே வந்து ஜாடியெல்லாம் என்னை வரிசையா எடுத்து வைக்கச் சொல்வாரு. லேபிளை எல்லாம் சத்தமா படிக்கச் சொல்வாரு. நீ இல்லாதப்ப தனியா வந்து ஏதாவது பண்ணுவாரு, அப்பத்தான் கலந்திருக்கணும். நவம்பர்ல ஒரு நாள் ஜாடியைத் திறந்து பார்த்துட்டு, அந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்திருக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன அவனுக்கு?"

"சொல்லியிருந்தா நீ அவர் பக்கத்து பெஞ்சுல உக்காந்திருப்பியா?"

வெர்லின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்திருக்க மாட்டான். மருந்தைக் கலந்துவிட்ட ஆளைச் சுடுகிற வரிசைக்குப் பக்கத்தில்கூட விட மாட்டார்கள். அதை முதலில் எழுந்து சொல்கிறவனே வெர்லினாகத்தான் இருந்திருப்பான். விதி சரியான விதிதான். டெல்மருக்கும் அது தெரியும்.

மூக்குக் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டான்.

ஆர்லிஸ் நோட்டுகளைச் சேர்த்து மடித்து அவன் சட்டைப் பையில் செருகினாள். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு சின்ன ஜாம் சீசாவைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் முக்கால்வாசிக்கு மருந்து. எல்லாமே நீள மணிகள்.

"இது என்ன?"

"பொறுக்கினது. புருவம் பிடுங்குற என் இடுக்கியை எடுத்துக்கிட்டு, சமையல்கட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து, பொழுது விடிஞ்சா பொழுது போனா இதே வேலை. பைத்தியமா உங்களுக்குன்னு கத்தினேன். புதுசு ஒரு ஜாடி வாங்கிக்கோங்கன்னேன். கிடைக்காதுன்னுட்டாரு. பேரன் பேரு மறந்துடும், ஆனா எந்த மணி எந்த ஜாடின்னு கண்ணு மறக்கல. இறந்த அன்னிக்குக் காலையிலகூட ஒரு கரண்டி பொறுக்கினாரு."

"மிச்ச ஜாடியையும் பொறுக்கித் தானே வச்சுக்கலாம்னு நெனச்சானா?"

"தனக்கா? உனக்கு." ஆர்லிஸ் அவனைக் கொஞ்சம் எரிச்சலோடு பார்த்தாள். "வெர்லினோட ஜாடி காலியாயிடுச்சு, அவன் கேக்க மாட்டான், பொறுக்கி முடிச்சதும் குடுத்துடணும்னாரு."

"என் ஜாடி காலின்னு நான் அவன்கிட்ட சொல்லவே இல்லையே."

"வியாழக்கிழமை நீ ஜாடியைச் சாய்க்கிற சத்தம் மாறிடுச்சாம்."

கூரை விளிம்பிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மறதி பிடித்த ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, இன்னொருவனுடைய ஜாடியின் அடிப்பகுதியைக் கேட்டிருக்கிறான். மறதி இல்லாதவன் அவனுடைய அட்டையை நேராகப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைத் துடைத்திருக்கிறான்.

பெரிய ஜாடியை என்ன செய்வதென்று ஆர்லிஸ் கேட்டாள். புல்லில் தூவிவிடலாம், நல்ல உரம் என்றான் வெர்லின். இருவரும் தோட்டத்தில் இறங்கி, பனி விலகிய இடங்களில் மெல்லிசாகத் தூவிக்கொண்டு நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இந்தக் குளிர்ல புல்லு விதைக்கிறீங்களா, கூறு இருக்கா?" என்று கேட்டான். "உன் புல்லைவிட நல்லா வரும் பாரு" என்றாள் ஆர்லிஸ்.

ஜாம் சீசாவைக் கொண்டுபோ என்று அவள் சொன்னபோது வெர்லின் தலையை ஆட்டினான். அடுத்தவன் கையில் இருந்த மருந்தை நானே பார்க்காமல் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான்.

"அப்ப பாரு" என்று சமையலறை ஜன்னலருகே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள். டெல்மரின் நாற்காலி. கால் ஒன்று ஆடியது.

அப்படித்தான் அவன் தினம் மதியம் வர ஆரம்பித்தான். சீசாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்த்து மறுபக்கம் தள்ளுவான். நிறுக்கும்போதுதான் பேசக் கூடாது, பொறுக்கும்போது பேசலாம். ஆர்லிஸ் பேசினாள். ஐம்பது வருஷமாக ஒரு கதவுக்கு வெளியே காபியோடு நின்றவளிடம் நிறையவே சேர்ந்திருந்தது. டெல்மருக்கு இடி என்றால் பயம், போர்வைக்குள் போய்விடுவான். டெல்மர் தேவாலயத்தில் பாடுவான், வெர்லின் வருகிற ஞாயிறுகளில் மட்டும் வாயை அசைத்துவிட்டுச் சும்மா நிற்பான்.

"ஃபோர்ட் பெக் ஏரிக்கு மீன் பிடிக்க உன்னைக் கூப்பிடணும்னு ஒவ்வொரு ஜூன் மாசமும் சொல்வாரு."

"கூப்பிடலையே."

"நீ வர மாட்டேன்னு நெனச்சாரு."

வெர்லின் ஒரு மணியைத் தள்ளினான். "வந்திருப்பேன்னு நெனைக்கிறேன்" என்றான். அப்புறம், தராசுக்காரனின் நேர்மை வந்து, "தெரியல" என்று திருத்தினான்.

மே மாதத்து முதல் போட்டி நடந்த சனிக்கிழமையும் அவன் அங்கேதான் இருந்தான். தொலைவில், காற்று திரும்பும்போதெல்லாம், துப்பாக்கிச் சத்தம் கதவைச் சாத்துகிறதுபோல் வந்து போயிற்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் தலை தன்னையறியாமல் நிமிர்ந்தது. ஆர்லிஸ் அதைப் பார்த்தாள். வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

சீசா காலியாகக் காலியாக அவன் வேலை மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு கரண்டி அரைக் கரண்டியாகியது. ஒரு நாள் ஆர்லிஸ் கைத்துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "இந்தக் குவியலை நேத்தே பார்த்துட்டியே" என்றாள்.

"ரெண்டாம் தடவை பார்க்கிறது நல்லது."

"உனக்கு வேற வேலை இல்லையா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல" என்றாள். ஆனாலும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. வீட்டில் அவளுடைய தனிமைக்கு ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கியிருந்தாள். அதில் இன்னொரு நாற்காலி போடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு வெர்லின் வியாபாரிதான். மறுநாளே முடித்துவிட்டான்.

சுத்தமான மணிகளை சீசாவில் திருப்பிக் கொட்டி மூடி, டெல்மரின் தராசில் வைத்தான். முள் ஆடி நிற்கும்வரை ஆர்லிஸ் பழக்கதோஷத்தில் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் போட்டிக்குப் போதுமான மருந்து அது. அதை அவன் ஒரு போட்டியிலும் சுடப்போவதில்லை. புது லாட் ஒன்றை வாங்கி, கண்ட இடத்தில் போகிற குண்டுகளோடு, யாரும் அங்குலம் சொல்லாத ஒரு பெஞ்சில், முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறான். அல்லது ஆரம்பிக்கப் போவதில்லை. அது இன்னும் தீர்மானமாகவில்லை.

மேஜையில் கிடந்த மின்சாரக் கட்டண உறையைத் திருப்பிப் போட்டு, கிடங்கில் விவசாயிகளுக்கு எழுதிக் கொடுக்கிற ரசீதுபோல், அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதினான்.

கொண்டுவந்தவர்: டெல்மர்.
மொத்த எடை: பத்து அவுன்ஸ்.
காலி சீசா: ஆறரை அவுன்ஸ்.
நிகர எடை: மூன்றரை அவுன்ஸ்.
கழிவு: மூன்று கறுப்பு மணி.
தரம்: முதல்.
கொடுத்த தொகை: இல்லை.
பாக்கி: முழுவதும்.